பென்ரின் பிரபுவின் பெட்டிகளில் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "வேல்ஸில் ஒரு பிரபுக் குடும்பத்தின் குடும்ப, வணிக ஆவணங்களை ஆயிரக்கணக்கில் காப்பகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்களாம். பழைய ரசீதும் குத்தகைப் பத்திரமும் கடிதமும்தானே? பணக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்ததை வைத்து என்ன வரலாறு எழுத முடியும்? வெளியாள் ஒருவர் அதைப் பார்க்க நினைத்தால் எங்கே தொடங்குவது?"

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: வட வேல்ஸின் பென்ரின் பிரபுக்கள். இவர்களுடைய பண்ணை ஆவணங்கள் பேங்கர் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. சிலேட்டுக் குவாரியின் பதிவேடுகளில் பெரும்பகுதி பக்கத்திலுள்ள கேர்நார்வன் ஆவணக் காப்பகத்தில். இடைக்கால நிலப்பத்திரங்களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வேலைநிறுத்தக் கடிதங்கள் வரை தொடர்ச்சியாகக் கிடைக்கிறது.

பணக்காரர்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்தது என்று சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது. இவற்றில் பெரும்பாலான தாள்கள் யாரையும் பற்றி எழுதப்பட்டவை அல்ல. வேலை வாங்குவதற்காக எழுதப்பட்டவை. கடலுக்கு அப்பால் இருக்கும் கரும்புத் தோட்டத்தையும், மலைமேல் இருக்கும் குவாரியையும், மாளிகையில் உட்கார்ந்தபடி ஒருவர் நடத்தியது இந்தத் தாள்களைக் கொண்டுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு சாதாரண வரவுசெலவுக் கணக்குகூடப் பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து 1655இல் ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பறித்த காலத்தை ஒட்டி, வேல்ஸின் ஃப்ளின்ட்ஷயர் பகுதிப் பெனன்ட் குடும்பத்தைச் சேர்ந்த கிஃபர்ட் பெனன்ட் அங்கே போய்க் கிளாரன்டன் பகுதியில் நிலம் சேர்த்தார். அடுத்தடுத்த தலைமுறைகள் பணக்காரர்களாகி இங்கிலாந்துக்குத் திரும்பின. கொள்ளுப்பேரன் தலைமுறைக்காரரான ரிச்சர்ட் பெனன்ட் 1765இல் ஆன் சுசன்னா வார்பர்ட்டனை மணந்தார். அந்த அம்மையார் வழியாகப் பென்ரின் பண்ணையில் பங்கு வந்தது. மீதிப் பங்கும் 1785க்குள் கைக்கு வந்துவிட்டது. இடையில் 1783இல் அவருக்குப் பென்ரின் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அது அயர்லாந்துப் பட்டம். அதனால் பிரபுக்கள் சபைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை, மக்கள் சபையிலேயே உறுப்பினராக உட்காரலாம். லிவர்பூல் தொகுதியின் உறுப்பினராக இருந்த அவருக்கு இது எவ்வளவு தோதாக அமைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

ரிச்சர்ட் பெனன்ட் ஜமைக்கா தோட்டங்களைப் போய் மேற்பார்த்தவர் அல்ல. வேல்ஸிலும் இங்கிலாந்திலும் இருந்தபடியே எல்லாவற்றையும் கடிதத்தில் நடத்தினார். அங்கே அவர் சார்பில் ஒரு முகவர், முகவருக்குக் கீழே தோட்டத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், அவருக்குக் கீழே கணக்கர்கள், கடைசியில் பல நூறு அடிமைகள். ஒரு கடிதம் அட்லாண்டிக்கைக் கடக்க ஆறு வாரம், எட்டு வாரம், போர்க்காலத்தில் இன்னும் அதிகம். கப்பல் மூழ்கலாம், எதிரி பிடித்துக்கொண்டு போகலாம். அதனால் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து இரண்டு கப்பல்களில் அனுப்புவது அக்கால வழக்கம். அனுப்பியதன் நகல் வீட்டிலேயே ஒரு கட்டுப் புத்தகத்தில் நிற்கும். இந்த எச்சரிக்கையால்தான் இன்றைக்கு நம் கைக்கு இவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கடிதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வரி ஒன்று உண்டு. மாடுகளையும் நீக்ரோக்களையும் அளவுக்கு மீறி வேலை வாங்குவதை நான் விரும்பவில்லை என்று பிரபு தன் முகவருக்கு எழுதுகிறார். முதல் வாசிப்பில் இரக்கமுள்ள மனிதராகத் தெரிவார். அவருக்கு ஆதரவாக இந்த வரியைக் காட்டுகிறவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் வரியின் அமைப்பைப் பாருங்கள். மாடு முதலில் வருகிறது, மனிதர் இரண்டாவது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், இரண்டும் தேய்ந்துபோகக்கூடிய முதலீடு என்ற கணக்கில் சொல்கிறார். அடிமை வணிகத்துக்கு எதிரான குரல் லண்டனில் எழுந்துகொண்டிருந்த காலம் அது. புதிதாக ஆட்களை வாங்குவது நாளைக்கு முடியாமல் போகலாம், இருப்பவர்களைச் சாகவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய தோட்ட முதலாளிகள் பலருடைய கவலை. அவர் உள்ளத்தில் இரக்கமே இல்லை என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். அதற்கு எனக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அந்த வரியை இரக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கடிதங்களைவிட என்னை அதிகம் உலுக்குவது பட்டியல்கள். கரும்புத் தோட்டத்துக் கணக்கில் ஆண்டுக்கொரு முறை ஆள் கணக்கு எடுப்பார்கள். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் வேலை, அப்புறம் வயது, உடல்நிலை, சிலவற்றில் பவுண்டில் மதிப்பு. குவாஷி, கஜோ என்று பிறந்த கிழமையைச் சொல்லும் மேற்கு ஆப்பிரிக்கப் பெயர்களும் உண்டு, முதலாளிகள் சூட்டிய ரோமானியப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் உண்டு. குடும்பப் பெயர் பெரும்பாலும் இருக்காது. உடல்நிலைப் பத்தியில் 'திடமானவர்', 'நலிந்தவர்', 'தப்பி ஓடுபவர்' என்று ஒற்றைச் சொல். பிறப்பை 'கூடுதல்' என்றும் இறப்பைக் 'குறைவு' என்றும் எழுதுவார்கள். வயதான பெண்களுக்கு எதிரே மதிப்பு சுழியம் என்று இருக்கும். அதே கையெழுத்தில், அதே மையில், பக்கத்தைத் திருப்பினால் மாடும் கோவேறு கழுதையும் அதே பத்தி அமைப்பில் தொடரும்.

இந்தப் பட்டியல்களைக் கொடுமையைப் பதிவுசெய்வதற்காக யாரும் எழுதவில்லை. எழுதிய கணக்கருக்கு அது ஒரு வழக்கமான வேலை. மறைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் எழுதப்பட்டிருப்பதால்தான் அவற்றை நம்ப முடிகிறது. தற்புகழ்ச்சி எழுதுகிறவர் பொய் சொல்லலாம். சரக்கிருப்பு எழுதுகிறவருக்குப் பொய் சொல்ல அவ்வளவாகக் காரணம் இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கியமான பகுதி இதுவே என்று நினைக்கிறேன்.

சரி, லண்டனுக்கு வருவோம். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்து நடத்திய குழுவுக்கு இதே பென்ரின் பிரபு தலைவராக இருந்தார். அடிமைக் கப்பலில் ஆட்களை எவ்வளவு நெருக்கி அடைக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்த சட்டம் 1788இல் வந்தபோது, லிவர்பூலின் இன்னொரு உறுப்பினரோடு சேர்ந்து அதை எதிர்த்தார். வில்பர்ஃபோர்ஸ் 1789 மே மாதம் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானங்களைக் கொண்டுவந்தபோது, இது 7 கோடி பவுண்டு சொத்தின் மீது விழும் அடி என்று பேசினார். அவை நடவடிக்கைகளில் இருக்கும் இந்தப் பேச்சையும் வீட்டுப் பெட்டியில் இருக்கும் தோட்டக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் படித்தால், 'சொத்து' என்று அவர் சொன்னதற்குள் பெயர் பெயராக யார் யார் இருந்தார்கள் என்று தெரிகிறது. அயர்லாந்துப் பட்டம் அவருக்கு எதற்குத் தோதாக இருந்தது என்பதும் இங்கே புரியும். பிரபுவாகவும் இருக்கலாம், லிவர்பூல் வணிகர்களின் பிரதிநிதியாக மக்கள் சபையில் எழுந்து பேசவும் செய்யலாம்.

இப்போது சிலேட்டு. நம் ஊரில் சிலேட்டு என்றால் பள்ளிப் பலகை ஞாபகம்தான் வரும். பென்ரின் துறைமுகத்தில் எழுதுபலகையும் செய்தார்கள். ஆனால் பெரிய வணிகம் கூரைக்குப் போடும் சிலேட்டு. ரிச்சர்ட் பெனன்ட் வருவதற்கு முன் உள்ளூர் ஆட்கள் சிறுசிறு குழிகளாகத் தோண்டி, பண்ணைக்கு வாடகை கட்டி, தாங்களே விற்றுக்கொண்டிருந்தார்கள். 1782இல் அவர் அந்தக் குத்தகைகளை எல்லாம் விலைகொடுத்து முடித்துவிட்டு, ஒரே குவாரியாகத் தானே நடத்தத் தொடங்கினார். நிர்வாகத்துக்கு பெஞ்சமின் வையட் என்ற திறமைசாலியை முகவராக வைத்தார். 1790இல் கெகின் ஆற்று முகத்தில் துறைமுகம் எழுந்தது. மலையிலிருந்து துறைமுகம் வரை குதிரைகள் இழுக்கும் தண்டவாளம் 1801இல் வந்தது. நான்ட் ஃப்ராங்கன் பள்ளத்தாக்கு வழியே சாலை, கேப்பல் கியூரிக்கில் பயணியர் விடுதி என்று அந்த வட்டாரத்தையே மாற்றிப்போட்டார்.

இவ்வளவுக்கும் முதல் எங்கிருந்து வந்தது? ஜமைக்காவிலிருந்து வந்த சர்க்கரையும் ரம்மும் விற்ற பணம் இல்லாமல் இந்த அளவு முதலீடு நடந்திருக்காது. இந்த ரூபாய் அந்த ரூபாய்தான் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது, ஏனென்றால் பணம் ஒரே பெட்டியில் விழுந்து கலந்துவிடுகிறது. ஆனால் இரண்டு தொழிலுக்கும் உத்தரவுகள் ஒரே மேசையிலிருந்து போயின என்பதில் சந்தேகமே கிடையாது. வேல்ஸ் வரலாற்றில் நெடுங்காலம் பென்ரின் குடும்பத்தைச் 'சிலேட்டுக் குடும்பம்' என்று மட்டுமே எழுதி வந்தார்கள். சிலேட்டை ஆராய்ந்தவர்கள் குவாரிப் பதிவேட்டைத் திறந்தார்கள், ஜமைக்கா கட்டைத் திறக்கவில்லை. அந்தப் பாதியைப் பற்றிய ஆராய்ச்சி 1980களில் வெளிவரத் தொடங்கியது. அடிமை வணிகத் தடைச் சட்டத்தின் 200ஆம் ஆண்டான 2007இல் பென்ரின் கோட்டையிலேயே அதைப் பற்றிய கண்காட்சி வைத்தார்கள். தாள்கள் எப்போதும் அங்கேதான் இருந்தன.

ரிச்சர்ட் பெனன்ட் 1808இல் வாரிசில்லாமல் இறந்தார். சொத்து உறவினரான ஜார்ஜ் ஹே டாக்கின்ஸுக்குப் போனது. அவர் பெனன்ட் பெயரையும் சேர்த்துக்கொண்டார். கட்டடக் கலைஞர் தாமஸ் ஹாப்பரைக் கொண்டு இன்று நாம் பார்க்கும் பிரம்மாண்டமான பென்ரின் கோட்டையை 1820 முதல் கட்டியவர் இவர்தான். கட்டடம் எழுந்துகொண்டிருந்தபோதே அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் வந்தது. அரசு ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு முழுவதும் உரிமையாளர்களுக்கு. டாக்கின்ஸ் பெனன்ட்டுக்கு 764 பேருக்காக 14,683 பவுண்டு 17 ஷில்லிங் 2 பென்ஸ் கிடைத்தது. தலைக்குச் சுமார் 19 பவுண்டு. அந்த 764 பேருக்கு ஒரு பென்ஸ்கூடக் கிடையாது. அதற்குமேல் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் உழைக்கவும் வேண்டியிருந்தது. 2 பென்ஸ் வரை துல்லியமாகக் கணக்குப் பார்த்த ஓர் அரசு, யாருக்கு இழப்பு என்ற கேள்வியில் இப்படி நடந்துகொண்டதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

குவாரி ஆவணங்களின் சுவை வேறு. அங்கே 'பேரம்' என்று ஒரு முறை இருந்தது. ஒரு சிறு குழு, சுமார் ஆறு கெஜம் அகலப் பாறை முகத்தை எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கொரு முறை குவாரி அதிகாரி வந்து பாறையைப் பார்த்து, எடுக்கும் சிலேட்டுக்கு என்ன விலை, மோசமான பாறை என்றால் எவ்வளவு கூடுதல் என்று பேசி முடிப்பார். நல்ல பாறை கிடைத்தவர் பிழைத்தார், கெட்ட பாறை கிடைத்தவர் அதிகாரியின் தயவில். பதிவேட்டில் ஒரு குழுவின் பெயர்களையும் அவர்களுக்கு மாதாமாதம் விழுந்த விலையையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனால், யாருக்குச் சலுகை, யாருக்குத் தண்டனை என்று தெரிந்துவிடும். பெயர்கள் எல்லாம் ஜோன்ஸ், வில்லியம்ஸ், ராபர்ட்ஸ் என்றே இருப்பதால் வசிக்கும் ஊரையும் வீட்டையும் வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். குவாரியில் பேச்சு முழுக்க வெல்ஷ், பதிவேடும் மேல்மட்டக் கடிதமும் ஆங்கிலம். தொழிலாளி பேசியது மொழி மாறி, அதிகாரியின் பேனா வழியாகத்தான் தாளில் விழுகிறது.

பேர முறையும் தொழிலாளர் குழுவின் உரிமையும்தான் பிற்காலச் சண்டைகளின் மையம். 1874இல் வட வேல்ஸ் குவாரித் தொழிலாளர் சங்கம் உருவாகி, பென்ரின் தொழிலாளர்களுக்கு ஒரு நல்ல உடன்படிக்கையும் கிடைத்தது. ரிச்சர்டோடு முடிந்த பட்டம் 1866இல் இந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வழங்கப்பட்டிருந்தது. அந்த வரிசையில் இரண்டாம் பென்ரின் பிரபுவான ஜார்ஜ் ஷோல்ட்டோ 1885இல் உடன்படிக்கையை ரத்து செய்தார். அவர் கொண்டுவந்த மேலாளர் இ. ஏ. யங்கும் அதே வழியில் நின்றார். 1896இல் தொடங்கிய கதவடைப்பு 11 மாதம் நீடித்தது. 1900 நவம்பரில் சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டம் 1903 நவம்பர் வரை, மூன்று ஆண்டு நடந்தது. பெதெஸ்டா ஊரில் வீட்டு ஜன்னல்களில் வெல்ஷ் மொழியில் ஓர் அட்டை: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' அட்டை இல்லாத வீடு எது என்று ஊரே பார்த்தது. பாடகர் குழுக்கள் இங்கிலாந்தெங்கும் போய்ப் பாடிப் பணம் திரட்டின. கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். பலருக்கு மறுபடி வேலையே கிடைக்கவில்லை. நிர்வாகத்தின் கடிதங்கள் பெட்டியில் இருக்கின்றன. அந்த அட்டைகளில் தப்பித்தவை வேறு வழியாக, தொழிலாளர் குடும்பங்கள் வழியாகக் காப்பகங்களுக்கு வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல முடியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜமைக்கா அடிமைகளின் நிலையும் பெதெஸ்டா தொழிலாளர்களின் நிலையும் ஒன்றல்ல. குவாரிக்காரர் சங்கம் வைத்தார், வேலைநிறுத்தம் செய்தார், பத்திரிகையில் எழுதினார், அவர் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகளாக இருந்தார்கள். ஒரே குடும்பத்தின் கீழே இருந்தார்கள் என்பதற்காக இரண்டையும் சமப்படுத்துவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கணக்கு வைக்கும் பழக்கமும், தூரத்திலிருந்து முகவர் வழியாக ஆளும் பழக்கமும் ஒரே குடும்பத்தில் தொடர்ந்து வந்தவை.

தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள வேல்ஸ் ஆவணங்கள் உண்டா என்று இதைப் படிக்கும் பலருக்குத் தோன்றும். உண்டு. அது பென்ரின் அல்ல, நடு வேல்ஸின் போவிஸ் கோட்டை. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநர். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டதும் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் அவர் பதவிக் காலத்தில்தான். அவருடைய மனைவி ஹென்ரியெட்டா போவிஸ் குடும்பத்துப் பெண். இரண்டு மகள்களோடு 1800இல் தென்னிந்தியாவில் நெடும்பயணம் செய்தவர். எட்வர்டு பிறகு போவிஸ் பிரபு ஆனார். கிளைவ், போவிஸ் ஆவணங்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலும், கிளைவ் குடும்பத் தாள்களில் ஒரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. பாளையக்காரர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் சென்னை ஆவணக் காப்பகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அங்கேயும் ஒரு கண் வைக்கவேண்டும்.

இனி, எங்கே தொடங்குவது. நேராகப் பெட்டியைக் கேட்காதீர்கள், முதலில் விவரப்பட்டியலைப் படியுங்கள். பேங்கர் காப்பகத்தின் பட்டியலை இணையத்தில் தேடலாம். எந்தக் கடிதம் யார் யாருக்கு, எந்தத் தேதி என்று ஒரு வரியாவது இருக்கும். வாசிப்பறைக்குப் போக முடிந்தால் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பிறகு ஒரு ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் கடிதம், கணக்கு, பட்டியல் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். கடிதங்களை மட்டும் தொடர்ந்து படித்தால் எழுதியவரின் குரலே நம் குரலாகிவிடும் ஆபத்து உண்டு. எனக்குத் தெரிந்து, கணக்கோடு சேர்த்துப் படிப்பதைத் தவிர அதற்கு மாற்று இல்லை.

கணக்கில் கால் இடறும் இடங்கள் சில இருக்கின்றன. பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஜமைக்காவில் எழுதிய கணக்கு பெரும்பாலும் அந்தத் தீவுப் பணத்தில் இருக்கும். தீவின் 140 பவுண்டு இங்கிலாந்தின் 100 பவுண்டுக்குச் சமம். இதைக் கவனிக்காமல் இரண்டு பக்கத்துக் கணக்கையும் கூட்டினால் எல்லாமே தப்பாகிவிடும். சிலேட்டுக் கணக்கில் 'ஆயிரம்' என்றால் 1,200, உடைசலுக்காக மேலே 60 வைத்து 1,260. சிலேட்டின் அளவுகளுக்குப் பெயர்கூட விசித்திரம்: 24க்கு 12 அங்குலம் டச்சஸ், 20க்கு 10 கவுன்டஸ், 16க்கு 8 லேடி. 'டச்சஸ் இரண்டாயிரம் அனுப்பப்பட்டது' என்று படித்துத் திகைக்கவேண்டாம்.

ஜமைக்கா பக்கத்தைச் சரிபார்க்க வேறு இரண்டு ஆவண வரிசைகள் இருக்கின்றன. ஊரில் இல்லாத முதலாளிகளின் தோட்டங்களில் என்ன விளைந்தது, யாருக்கு விற்றது என்று சத்தியம் செய்து பதிவுசெய்த விளைச்சல் கணக்குகள் ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுன் காப்பகத்தில். 1817 முதல் எடுத்த அடிமைப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில். இழப்பீடு வாங்கியவர்களின் விவரங்களை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஒரு தரவுத்தளமாகத் தொகுத்து யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதில் 'பெனன்ட்' என்று தேடினால் மேலே சொன்ன 764 பேருக்கான தொகை தோட்டம் தோட்டமாகப் பிரிந்து வரும். கிளாரன்டன் பகுதி வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெனன்ட்ஸ் என்ற ஊர் அங்கே இன்றும் இருக்கிறது, இவர்களுடைய டென்பி தோட்டத்தின் பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. டென்பி என்பது வட வேல்ஸ் ஊர் ஒன்றின் பெயர்.